ஓமந்தூரார் பற்றி மலரில் என்ன எழுதப் போகிறோம்?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

சங்க மலரில், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஓமந்தூரார் பற்றி இரண்டு பக்கம் போடலாம் என்று முடிவானதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் இதுவரை வந்த குறிப்புகளைப் படித்ததும் ஒரு விஷயம் உறுத்தியது. எல்லாமே அவருடைய எளிமையைப் பற்றித்தான் இருக்கின்றன. கதர் உடுத்தினார், ஆடம்பரம் இல்லை, வள்ளலார் பக்தர், சிபாரிசுக்கு மசியவில்லை. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து அவர் செய்த வேலையைச் சொல்லாமல் விட்டால், நம் பிள்ளைகளுக்கு அவர் யாரோ ஒரு நல்ல தாத்தாவாக மட்டுமே தெரிவார். இப்போதே சென்னையில் ‘ஓமந்தூரார்’ என்றால் ஆஸ்பத்திரிதான். ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கும் நம் பக்கத்துக் கிராமம் என்று தெரியும்?

சுருக்கமாக அவர் கதை இது. ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1 அன்று ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தென்னாற்காடு மாவட்டக் காங்கிரசில் வேலை செய்து மேலே வந்தவர். 1947 மார்ச் 23 அன்று அதுவரை பதவியில் இருந்த பிரகாசம் விலகிய இடத்தில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். முதலமைச்சரை அப்போது பிரதமர் என்றே அழைத்தார்கள். பதவி வேண்டாம் என்று தயங்கியவரை மற்றவர்கள் வற்புறுத்தித்தான் உட்கார வைத்தார்கள் என்பார்கள். ஆகஸ்ட் 15 அன்று இந்த மாகாணத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர் நம் ஊர்ப்பக்கத்து விவசாயி. அந்த மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. விசாகப்பட்டினத்திலிருந்து மலபார், மங்களூர் வரை நான்கு மொழி மக்கள் அதில் இருந்தார்கள். 1949 ஏப்ரல் 6 அன்று பதவி போய்விட்டது. மொத்தம் இரண்டு வருஷமும் இரண்டு வாரமும்.

அந்தக் குறுகிய காலத்தில் நடந்ததைப் பாருங்கள். கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் நடைமுறைக்கு வந்தது. அதே வருஷம் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் சட்டசபையில் கொண்டுவந்த மசோதா அத்தனை வருஷம் கிடப்பில் கிடந்த பிறகு வந்த சட்டம் அது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1949 மார்ச்சில், அவர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பாரதியார் பாடல்களின் உரிமையை அரசே வாங்கும் முடிவைக் கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் அறிவித்தார்.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் மலரில் அதிக இடம் வேண்டும் என்று கேட்கிறேன்.

முதலாவது ஜமீன் ஒழிப்பு. 1948ஆம் ஆண்டின் 26ஆவது சட்டம். ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம், தெலுங்குப் பக்கம் பொப்பிலி, வெங்கடகிரி என்று எத்தனை ஜமீன்கள்! குடியானவன் அரசாங்கத்துக்கு நேராக வரி கட்ட முடியாது, நடுவில் ஜமீன்தார் இருந்தார். இந்தச் சட்டம் ஜமீன்தாருக்கு இழப்பீடு கொடுத்து நிலத்தை அரசிடம் கொண்டுவந்தது. பிறகு சர்வே செய்து உழுதவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா, அதாவது அரசுக்கு நேராக வரி கட்டும் பட்டா, கொடுக்க வழி செய்தது. பத்துப் பதினைந்து வருஷம் முன்பு வரை இதே மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர் பொப்பிலி ராஜா என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். நம் தென்னாற்காடு பெரும்பாலும் ரயத்துவாரிப் பகுதி. ஆக, சொந்த மாவட்டத்து ஓட்டுக்காக அவர் இதைச் செய்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது இடஒதுக்கீடு. அரசு இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணையை 1947இல் அவர் அரசு மாற்றியது. அதற்கு முன் 12 இடங்களில் 1 தாழ்த்தப்பட்டோருக்கு. புது ஆணையில் 14 இடங்களில் 2. அதைவிட முக்கியம், பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு என்று முதல் முறையாகத் தனியாக 2 இடம் ஒதுக்கினார்கள். அதுவரை பிராமணரல்லாதார் என்ற ஒரே வரிசையில் பெரிய சாதிகளோடு நின்று பின்தங்கிய குடும்பங்களுக்கு அது ஒரு கதவு. சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வந்தது. அவரைத் ‘தாடியில்லாத ராமசாமி’ என்று கூட ஏசினார்களாம். பெரியாரைத்தான் அப்படிச் சுட்டினார்கள். அந்த ஒதுக்கீட்டு முறையைத்தான் 1951இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் விளைவாக அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம்மில் பலர் கல்லூரிப் படியேறிய கதையில் இந்த ஆணைக்கும் பங்கு உண்டு. மலரில் இது இல்லாமல் போனால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சரி, குறைகளையும் எழுத வேண்டும். 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்ததும் அவர் அரசுதான், அதனால் மறுபடி போராட்டம் வெடித்தது. பெரியாரின் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டார்கள். பொது ஒழுங்குச் சட்டத்தைக் காட்டிக் கம்யூனிஸ்டுகளைச் சிறையில் வைத்தார்கள். இவை தவறுகள் என்பதுதான் என் கருத்து. இவற்றை மறைத்து எழுதினால், விவரம் தெரிந்த ஒருவர் படிக்கும்போது மீதியையும் நம்ப மாட்டார்.

அப்புறம் பதவி போன விஷயம். சட்டமன்ற உறுப்பினர்கள் சிபாரிசோடு அதிகாரிகளிடம் போவதை அவர் அனுமதிக்கவில்லை, அதில் அதிருப்தி வளர்ந்தது. 1947இல் அவரைக் கொண்டுவந்த காமராஜர் தரப்பே 1949இல் ஆதரவை விலக்கிக்கொண்டது. ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா பதவிக்கு வந்தார். கட்சிக்காரர்களை அரவணைத்துப் போகாதது அவருடைய பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கண்டிப்பு இல்லாத ஒருவர் ஜமீன்தார்களையும் சொந்தக் கட்சியையும் ஒரே நேரத்தில் எதிர்த்து நின்றிருக்க முடியாது. பதவி போனபின் அவர் வடலூர் போய்விட்டார். சுத்த சன்மார்க்க நிலையத்தில் கல்விப் பணி, ஆதரவற்றோர் பணி என்று இருபது வருஷத்துக்கு மேல் இருந்து, 1970 ஆகஸ்ட் 25 அன்று காலமானார்.

ஒரு வேண்டுகோள். ஊரில் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது கேளுங்கள்: கள்ளுக்கடை மூடியபோது ஊர் எப்படி இருந்தது, சேரி மக்கள் முதலில் எந்தக் கோயிலுக்குள் போனார்கள், வடலூரில் அவரை நேரில் பார்த்ததுண்டா. அவர்கள் சொல்வதை அப்படியே பதிவு செய்து குழுவுக்கு அனுப்புங்கள். தட்டச்சு செய்வதையும் சட்டங்களின் வருஷம், தேதி சரிபார்ப்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். மணிமண்டபப் பக்கம் போகிறவர்கள் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் அட்டைக்கு ஆகும்.

அன்புடன்,
கிளியனூர்க்காரன், மஸ்கட்