கூட வேலை செய்பவர் பாரமும் நம் தலையில்: உங்களுக்கு நடந்ததா?

ஆம்பூர், ஷூ கம்பெனி:
அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் லைனில் இருக்கிறேன். எனக்கு முன் சீட்டில் இருப்பவருக்கு ஓரம் மடித்துக் கம் போடும் வேலை. அவர் கையிலிருந்து டிரே வந்தால்தான் எனக்குத் தைக்க ஏதாவது இருக்கும். பாதி நேரம் சீட்டில் ஆள் இல்லை, இருந்தால் மடியில் போன். மணிக்கு இத்தனை ஜோடி என்று லைன் முனையில் போர்டு தொங்குகிறது. குறைந்தால் லைன் மொத்தத்துக்கும் திட்டு. அதனால் நானும் பக்கத்து அக்காவும் எழுந்து போய் அவருக்கும் சேர்த்துக் கம் போடுகிறோம். "உனக்கு இன்னாடி, கை வேகமா ஓடுது" என்று சிரிக்கிறார். வயதில் பெரியவர், ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறோம், எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.

வாணியம்பாடி, டேனரி:
நான் இருந்தது டாகிளிங்கில். ஈரத் தோலைத் துளை போட்ட தகட்டில் விரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று இழுத்து, சுற்றிலும் கிளிப் மாட்டி, சூடான அறைக்குள் தள்ள வேண்டும். எதிரில் நிற்கிறவன் இழுக்காமல் கிளிப்பை மட்டும் மாட்டினால் அப்போது ஒன்றும் தெரியாது. காய்ந்து வெளியே வந்த பிறகுதான் சுருக்கம் தெரியும். தோல் விலை போவது எடைக்கு இல்லை, சதுர அடிக்கு. சரியாக இழுக்காத தோல் அளவு குறையும். அளவு மிஷினில் போடும்போது மேஸ்திரி முகம் மாறும். திட்டு ஜோடிக்குச் சேர்த்துத்தான், பாதியை நானா தள்ளுபடி கேட்க முடியும்?

என் ஜோடி நல்ல பையன்தான், கல்யாணம் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பான். வேலையில் மட்டும் கை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். மேஸ்திரியிடம் போட்டுக் கொடுக்க எனக்கு மனசில்லை. "கழுத்துப் பக்கம் நான், வால் பக்கம் நீ, இனிமே மாத்திக்க வேணாம்" என்றேன். அவ்வளவுதான். சுருக்கம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். கொஞ்ச நாள் முறைத்தான், அப்புறம் இழுத்தான்.

ராணிப்பேட்டை, சிப்காட்:
எங்கள் பிளான்ட்டில் மணிக்கு ஒரு தரம் பாய்லர் பிரஷர், தண்ணீர் மட்டம் இரண்டையும் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். எனக்கு முந்தின நைட் ஷிப்ட்காரர் எழுதியதைப் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே எண். ஓடுகிற பாய்லரில் முள் ராத்திரி முழுக்க ஆணி அடித்த மாதிரி நிற்காது. விடியற்காலை எழுந்து மொத்தமாக நிரப்பியிருக்கிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சோம்பேறி என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை இது. தண்ணீர் இறங்குவதை யாரும் பார்க்காவிட்டால் டியூப் காய்ந்து போகும், ஆள் உயிருக்கே ஆபத்து.

நான் சத்தம் போடவில்லை. சார்ஜ் எடுத்தேன் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று போவேன். நான் பார்த்த எண்ணை நேரத்தோடு எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. முத்துக்கடை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் அவருக்கு, எனக்கு இல்லை. அப்புறம் ரீடிங் மணிக்கு மணி மாறி வர ஆரம்பித்தது. பார்த்துத்தான் எழுதுகிறாரா, மாற்றி எழுதக் கற்றுக்கொண்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அதனால் ஷிப்ட் இன்சார்ஜ் காதிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

வேலூர், அரசு அலுவலகம்:
2019 நவம்பரில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்களே, அப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரே கூத்து. ஆம்பூர், வாணியம்பாடி கோப்புகள் திருப்பத்தூருக்கு, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் கோப்புகள் ராணிப்பேட்டைக்கு என்று தாலுகா வாரியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். பிரிவில் ஒருவர் மேஜை மட்டும் எப்போதும் துடைத்து வைத்தபடி இருக்கும். வேலையை முடித்ததால் இல்லை, வருகிற தபாலை எல்லாம் "இது என் சீட் கிடையாது சார்" என்று தள்ளிவிடுவதால். செய்கிறவன் மேஜையில்தானே மேலே மேலே வந்து விழும்!

அரசு அலுவலகத்தில் இதற்கு வழி ஏற்கெனவே உண்டு, ஒழுங்காக யாரும் கடைப்பிடிப்பதில்லை. ஆளுக்கு ஒரு தன்பதிவேடு. வந்த தபால் எண்ணோடு அதில் ஏற வேண்டும், என்ன நடவடிக்கை என்று எழுத வேண்டும், மாதம் முடிந்தால் நிலுவை எடுக்க வேண்டும். அவருக்குப் போக வேண்டியதை நான் வாய்ச்சொல்லாகக் கொடுப்பதை நிறுத்தி, பதிந்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் நிலுவை கேட்டபோது அவரே எழுந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. டீக்கும் கூப்பிடுவதில்லை. எனக்கு டீக்காசு மிச்சம்.

குடியாத்தம், பீடி:
நானும் ஓரகத்தியும் ஒரே கார்டில், அதாவது கம்பெனி கணக்கில் ஒரே பேரில், பீடி சுற்றுகிறோம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வருகிற கூலி பாதிப் பாதி. அவளுக்கு வாய் ஓடுகிற அளவு கை ஓடாது. இலை நனைப்பது, வெட்டுவது நான், சுற்றுவதிலும் பாதிக்கு மேல் நான். வீட்டு ஆளிடம் காசுக் கணக்குப் பேசினால் மாமியார் வரை போகும். அதனால் முறத்தை இரண்டாக்கிவிட்டேன். அவரவர் முறத்தில் அவரவர் கட்டு, சாயங்காலம் எண்ணிச் சேர்த்துப் போடுவோம், காசு கட்டுக் கணக்குக்கு. "இன்னாக்கா, பிரிச்சிட்டீங்களா?" என்றாள். "இடுப்பு வலிக்குதும்மா, முறம் சின்னதா இருந்தாதான் தோது" என்றேன்.

ஆம்பூர், ஷூ கம்பெனி:
எல்லாருக்கும் நன்றி. பிரித்து வைத்தால் தெரியும் என்கிறீர்கள், சரி. யார் கம் போட்டது என்று டிரேயில் ஒரு சீட்டு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், அவர் சூப்பர்வைசருக்குச் சொந்தம்.

வாணியம்பாடி, டேனரி:
அடடா, அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? அப்போது சீட்டெல்லாம் எடுபடாது. நீங்களும் அந்த அக்காவும் எழுந்து போய்க் கம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். இப்போது அவர் வேலை ஓடுகிறது என்று காட்டுவதே நீங்கள்தான். நிறுத்தினால் அவர் சீட் முன்னால் டிரே குவியும், அடுத்த சீட் காலியாகக் கிடக்கும், லைனில் நடந்து போகிற யாருக்கும் எங்கே அடைக்கிறது என்று தெரியும். மேனேஜர் ரவுண்டு வருகிற நேரம் பார்த்துச் செய்தால் இன்னும் நல்லது. திட்டு விழும், விழட்டும். அதற்கும் ஒன்றும் அசையவில்லை என்றால் வேறு லைன் கேளுங்கள், இல்லையா, வேறு கம்பெனி. ஆம்பூரில் தையல் தெரிந்த கைக்கு வேலையா கிடைக்காது?