இங்கிலாந்தில் சூழலியல் படிக்க வந்திருக்கிறேன்: ஆய்வுக்கும் அறிமுகங்களுக்கும் எங்கே தொடங்குவது?

கேள்வி

வணக்கம். சூழலியலில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்காகச் செப்டம்பரில் இங்கிலாந்து வந்து சேர்ந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பேராசிரியர்கள் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. இயற்கைப் பாதுகாப்புத் துறையில் இங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. இதே துறையில் பகுதிநேர வேலை கிடைத்தாலும் நல்லது. விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள்.

முதல் பதில்

தம்பி, அந்த மின்னஞ்சல்களை முதலில் நிறுத்துங்கள். "உங்கள் ஆய்வுகள் என்னைப் பெரிதும் கவர்ந்தன" என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு நான்கு வரி எழுதுங்கள். அவருடைய கட்டுரையில் எந்த முடிவு உங்களை யோசிக்க வைத்தது, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எந்த மாதங்களில் கைகொடுக்க முடியும். இவ்வளவு போதும். சேற்றில் இறங்கவும், மாதிரிகளைப் பிரித்து அடுக்கவும் ஆள் தேடிக்கொண்டிருப்பவர் அவர்தான். பேராசிரியரிடம் உங்களை அழைத்துப் போகிறவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

அடுத்து, வந்த புதிதில் யாரும் நமக்குச் சொல்லாத ஒன்று. இந்த நாட்டின் இயற்கை அறிவில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கிறது. எச். சி. வாட்சன் என்ற தாவரவியலாளர் 1852இல் பிரிட்டனைத் தாவரப் பதிவுக்காக 112 பகுதிகளாகப் பிரித்தார். நிர்வாக எல்லைகள் எத்தனையோ முறை மாறிவிட்டன, அந்தப் பிரிவுகள் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்தச் செடி எங்கே காணப்பட்டது என்று பதிவு வைத்திருக்கும் ரெக்கார்டர்கள் அவற்றில் இருக்கிறார்கள். பறவை, பூச்சி, பாசி என்று மற்ற உயிரினங்களுக்கும் பல இடங்களில் இப்படிப் பொறுப்பாளர்கள் உண்டு. பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், ஆனால் அந்தப் பகுதியில் எந்த ஓடைக்கரையில் எந்தச் செடி எப்போது மறைந்தது என்பது அவருக்கு அத்துப்படி.

அவரை அடைய அறிமுகக் கடிதம் தேவையில்லை. கண்ட உயிரினங்களைப் பதியும் ஐரெக்கார்ட் இணையதளத்தில் நல்ல படத்தோடும் சரியான இடக்குறிப்போடும் பதிவுகளை இடுங்கள். அவற்றைச் சரிபார்ப்பவர்கள் இப்படிப்பட்ட வல்லுநர்கள்தான். தவறாக அடையாளம் கண்டிருந்தால் திருத்துவார்கள். நாலைந்து திருத்தங்களுக்குப் பிறகு உங்கள் பெயர் அவர்களுக்குப் பழகிவிடும். நம்மவர்களில் சிலர் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு மாநாடு மாநாடாகப் போய் முகவரி அட்டை சேகரிக்கிறார்கள். அட்டை சேர்கிறது, அவ்வளவுதான்.

கணக்கெடுப்புகளிலும் சேருங்கள். பட்டாம்பூச்சிக் கண்காணிப்புத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை, வானிலை ஒத்துழைத்தால், ஒரே பாதையில் நடந்து எண்ண வேண்டும். இனப்பெருக்கப் பறவைகளின் கணக்கெடுப்பு 1994இல் தொடங்கியது. ஒரு கிலோமீட்டர் சதுரம், வசந்தத்தில் இரண்டு காலை நடை. இங்கிருக்கும் பறவைகளின் குரல் உங்களுக்குப் புதிது என்பதால் முதல் ஆண்டு தனியாக எடுக்காதீர்கள், பழகிய ஒருவருடன் போங்கள். அந்தக் காலை நடைகளில்தான் எந்த அமைப்பில் ஆள் எடுக்கப்போகிறார்கள், யாருடைய ஆய்வுக்குப் பணம் கிடைத்திருக்கிறது என்பதெல்லாம் காதில் விழும்.

தவளைகளுக்கு வருகிறேன். ஓராண்டுப் படிப்பில் ஆய்வேட்டுக்குக் கிடைப்பது வசந்தமும் கோடையும்தான். அதற்குள் மேற்குத் தொடர்ச்சி மலையில் களப்பணி என்பது, வெளிப்படையாகச் சொன்னால், நடக்காத காரியம். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் வெளிநாட்டவரோடு நிற்பதில்லை. வெளிநாட்டில் வசிப்பவர் என்ற கணக்கில் வரும் இந்தியக் குடிமக்களும் உயிரியல் வளங்களை ஆய்வுக்கு எடுக்கத் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். திசு மாதிரியைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரோடு பழகுவதையே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் ஆசையைக் கைவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் வன அதிகாரியாக இருந்த பெடோம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சேகரித்த தவளைகளும் பாம்புகளும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய பெயரையே தாங்கிய இன்டிரானா பெடோமி என்ற தவளையை விலங்கியலாளர் குந்தர் 1876இல் லண்டனில் இருந்துதான் விவரித்தார். உங்கள் மலையின் தவளைகள் உங்களுக்கு ரயில் தூரத்தில் கண்ணாடிக் குடுவைகளில் காத்திருக்கின்றன! உடல் அளவுகள், சேகரித்த இடம், பழைய குறிப்பேடுகள் என்று எடுத்துக்கொண்டால் ஓர் ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் பொருள் இருக்கிறது. சேகரிப்பின் பொறுப்பாளருக்கு எழுதும்போது எந்த இனங்கள், எந்த அளவீடுகள், எத்தனை நாள், உங்கள் நெறியாளர் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "தவளைகளைப் பார்க்க வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் பதில் தாமதமாகும்.

இன்னொரு வழி தரவு. தவளைகள் உள்ளிட்ட உலகின் நீர்நில வாழ்விகள் எவ்வளவு ஆபத்தில் இருக்கின்றன என்ற முதல் மதிப்பீடு 2004இல் வந்தது. 2023இல் வந்த இரண்டாவது மதிப்பீட்டின்படி சுமார் 41 விழுக்காடு இனங்கள் அழிவின் ஆபத்தில் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை இனங்கள் ஏராளமாக விவரிக்கப்பட்டன. "போதிய தரவு இல்லை" என்ற பட்டியலில் இருந்தவை எங்கே நகர்ந்தன, ஏன் நகர்ந்தன என்று கேட்டாலே நல்ல கேள்வி. புள்ளியியலுக்கான ஆர் மொழியும் வரைபடங்களுக்கான கியூஜிஐஎஸ் மென்பொருளும் கைவந்தால் போதும். அவற்றைக் குளிர்காலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். நாலரை மணிக்கே இருட்டிவிடும் நவம்பரில் வேறென்ன செய்யப்போகிறீர்கள்?

இங்கேயே களத்தில் இறங்குவதென்றால் சனவரிக்குள் அனுமதிகளைத் தொடங்குங்கள். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நிலங்களில் நடமாடப் பரந்த உரிமை தருகிறது. இங்கிலாந்தில் பொதுப்பாதையை விட்டு இறங்கினால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நிலம், உரிமையாளரிடம் கேட்க வேண்டும். வௌவால்களுக்கும் பெருங்கொண்டை நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழ்விக்கும் கடுமையான சட்டப் பாதுகாப்பு உண்டு. உரிமம் இல்லாமல் அவற்றைக் கையில் எடுப்பது குற்றம், "படிப்புக்காக" என்பது சாக்காகாது.

இரண்டாவது பதில்

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேலை பற்றி மட்டும் சேர்க்கிறேன், தம்பி.

கோடையில் சூழலியல் ஆலோசனை நிறுவனங்கள் அந்தி நேர வௌவால் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கின்றன. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானத் திட்டங்கள் உயிரியல் பல்வகைமையை 10 விழுக்காடு கூட்டித் தர வேண்டும் என்ற விதி வந்திருப்பதால் இந்த நிறுவனங்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் பல இடங்களில் உங்களைச் சுயதொழில் செய்பவராகக் கணக்குக் காட்டச் சொல்வார்கள். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. ஊழியராக எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விப் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு. முதுகலையில் ஆய்வேடு எழுதும் கோடையும் பெரும்பாலும் பருவ நாட்களாகவே கணக்கிடப்படும். மற்ற மாணவர்கள் முழுநேரம் வேலை பார்க்கிறார்களே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள். தன்னார்வத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடமையும் நேரமும் ஒப்பந்தமாக எழுதப்பட்டிருந்தால் சம்பளம் இல்லாவிட்டாலும் அது அந்த 20 மணி நேரத்துக்குள் வரும். எதிலும் கையெழுத்திடும் முன் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் காட்டுங்கள்.

மாநாடு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கேம்பிரிட்ஜில் 2000 முதல் மாணவர்களுக்கென்றே இயற்கைப் பாதுகாப்பு அறிவியல் மாநாடு நடக்கிறது. அங்கே பேசுகிறவர்கள் மாணவர்கள், கேட்க வருகிறவர்கள் பாதுகாப்பு அமைப்புகளில் இருப்பவர்கள். 1913இல் தொடங்கிய பிரிட்டிஷ் சூழலியல் சங்கம் டிசம்பரில் ஆண்டுக்கூட்டம் நடத்துகிறது. மாணவர் கட்டணத்தில் உறுப்பினராகலாம்.

கடைசியாக உண்ணி. ஏப்ரல் முதல் புல்வெளிக்கோ காட்டுக்கோ போனால் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுங்கள், நெருப்போ எண்ணெயோ வைக்காதீர்கள். பிறகு வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்பு தெரிந்தால் உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம், உடனே ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் போங்கள். இன்னும் ஜி.பி.யிடம் பதிவு செய்துகொள்ளவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.