எந்த மாதிரி விஷயம்?

நிலா: நாளை வகுப்பில் ஐந்து நிமிடம் பேசவேண்டும். பாலியல் சிகிச்சையாளர் ரூத் வெஸ்ட்ஹைமரைப் பற்றி. எழுதியதை அனுப்பியிருக்கிறேன், யாராவது படித்துச் சொல்லுங்கள்.

மோகன் மாமா: நிலா, இது குடும்பக் குழு. அந்த மாதிரி விஷயமெல்லாம் இங்கே வேண்டாம்.

நிலா: எந்த மாதிரி விஷயம் மாமா?

மோகன் மாமா: உனக்கே தெரியும்.

வசந்தா சித்தி: அண்ணா, அந்த அம்மாள் வானொலிக்கு வந்ததே இந்த "அந்த மாதிரி"யை ஒழிக்கத்தான். 1980-இல் நியூயார்க்கில், ஞாயிறு நள்ளிரவில், வெறும் 15 நிமிட நிகழ்ச்சி. ஜெர்மன் வாடை போகாத ஆங்கிலத்தில், உறுப்புகளை அதனதன் பெயரைச் சொல்லியே பேசுவார். எய்ட்ஸ் பரவிய ஆண்டுகளில் ஆணுறை என்று வாய்விட்டுச் சொன்னார். நர்ஸ் பயிற்சியில் எங்கள் ஆசிரியை அந்தப் பாடம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். பிறகு முப்பது வருடம் வார்டில் "அந்த இடத்தில் வலிக்கிறது" என்பவர்களிடம் எந்த இடம் என்று கேட்டே என் காலம் போனது.

மோகன் மாமா: அவர் மருத்துவரா?

நிலா: இல்லை மாமா. 1970-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம். பிறகு பாலியல் சிகிச்சை நிபுணர் ஹெலன் சிங்கர் கப்லானிடம் அந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்றார்.

பாட்டி: எந்த ஊர்ப் பெண்? அப்பா அம்மா இருக்கிறார்களா?

நிலா: ஜெர்மனி, பாட்டி. 1928-இல் பிறந்த யூதக் குழந்தை. 1938 நவம்பரில் நாஜிகள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் அம்மாவும் பாட்டியும் இவரைச் சுவிட்சர்லாந்துக்கு ரயில் ஏற்றி அனுப்பினார்கள். கையிலிருந்த பொம்மையை, ரயிலில் அழுத சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். 1941-இல் வீட்டுக் கடிதங்கள் நின்றுபோயின. அப்பா அம்மாவை மறுபடி பார்க்கவே இல்லை.

பாட்டி: பத்து வயதுப் பிள்ளையையா தனியாக ரயில் ஏற்றினார்கள்?

வசந்தா சித்தி: ஏற்றியதால்தான் பிழைத்தார் அம்மா. அங்கே அநாதை விடுதியில் பெண்பிள்ளைகளுக்கு வீட்டுவேலைப் பயிற்சி, மேல்படிப்பு பையன்களுக்கு மட்டும். தோழன் ஒருவனின் பாடப்புத்தகத்தை இரவில் வாங்கி ஒளிந்து படித்தாராம்.

பாட்டி: கெட்டிக்காரி.

நிலா: போர் முடிந்து பாலஸ்தீனம் போய், ஹகானா என்ற யூதர் படையில் குறிபார்த்துச் சுடும் பயிற்சி எடுத்தார் மாமா. கண்ணை மூடிக்கொண்டே துப்பாக்கியின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவாராம். யாரையும் கொன்றதில்லை. 1948-இல், இருபதாவது பிறந்தநாளன்று குண்டு வெடித்துக் காலில் பலத்த காயம்.

மோகன் மாமா: துப்பாக்கியா! உயரம் எவ்வளவு?

நிலா: சுமார் 140 செ.மீ.

மோகன் மாமா: அப்படியானால் துப்பாக்கியிலிருந்தே பேச்சைத் தொடங்கு. எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வசந்தா சித்தி: துப்பாக்கி என்று எழுத உங்கள் விரல் தயங்கவே இல்லை பாருங்கள் அண்ணா.

நிலா: மாமா? இருக்கிறீர்களா?

பாட்டி: இப்போது எங்கே இருக்கிறார் அவர்?

நிலா: 2024 ஜூலையில் காலமாகிவிட்டார் பாட்டி. 96 வயது. முந்தைய ஆண்டுதான் நியூயார்க் மாநிலம் அவரைத் தனிமைக்கான கௌரவத் தூதராக அறிவித்தது.

பாட்டி: தனிமைக்கா? அதை முதலில் சொல்லியிருக்கலாமே.

மோகன் மாமா: இருக்கிறேன், படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பத்தியில் "பாலியியல்" என்று இருக்கிறது. பாலியல். ஒரு "யி" அதிகம்.

நிலா: திருத்திவிட்டேன் மாமா.