கடல்நீர்த் தொட்டியில் அட்டை மாதிரி ஊருறது என்ன? செப்பு மருந்து விடலாமா?

கேள்வி (கல்லடி)
150 லீற்றர் தொட்டி, உப்படர்த்தி 1.025, வெப்பம் 27 பாகை. ரெண்டு விதமான பிராணி பெருகுது. ஒன்று 2 சென்ரிமீற்றர், கபிலத்தில் புள்ளி போட்ட அட்டை மாதிரி. லைட் அணைஞ்ச பிறகு கண்ணாடியில் வேகமா ஊருது; பிடிக்கப் போனா வால் நுனியைக் கழற்றிப் போட்டுட்டு ஓடுது. மற்றது துருநிறம், 3, 4 மில்லிமீற்றர்தான். வெளிச்சம் விழுற கல்லில் அப்பிக் கிடக்கு. மீனுக்கு வாங்கின செப்பு மருந்து கைவசம் இருக்கு. விடலாமா?

பதில் (காத்தான்குடி)
செப்பு மருந்தைத் தொடவே வேணாம் தம்பி. நத்தை, இறால், பவளம் எல்லாத்தையும் கொல்லும். கல்லும் மணலும் செப்பைப் பிடிச்சு வைக்கும்.

பெரியது அட்டை இல்லை, ஸ்டொமாடெல்லா நத்தை. ரோச் அடிச்சு முதுகைப் பாருங்க: நகம் அளவில் தட்டையான ஓடு, முன்னால ரெண்டு நீளக் கொம்பு. வால் கழற்றுறதும் அதன் குணம்தான், திரும்ப வளரும். பாசி தின்னுற நல்ல பிராணி. சில இரவு புகை மாதிரி வெள்ளையா விடும், அது இனப்பெருக்கம். அப்படியே விடுங்க.

பதில் (கல்முனை)
துருநிறத்தை ஃபோன் கெமராவில் பெருசாக்கிப் பாருங்க. வாலில் மூணு முனை தெரிஞ்சா செந்தட்டைப்புழு. உடம்புக்குள்ள பாசி வச்சிருக்கிறதால வெளிச்சத்தைத் தேடி வரும். பவளத்தைத் தின்னாது, ஆனா போர்வை மாதிரி மூடி வெளிச்சத்தை மறைக்கும். ஆபத்து அது கூட்டமாச் சாகும்போதுதான்: உடம்பு நஞ்சு தண்ணியில் கலந்து மீனும் போயிடும். அதனால கல்லில் வச்சுத் தேய்க்காதீங்க.

பம்பை நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் கூடியிருக்கும்போது 6 மில்லிமீற்றர் குழாயால் உறிஞ்சி வாளிக்கு எடுங்க. ஒரு தடவைக்கு 15 லீற்றர் போதும். அந்தத் தண்ணியைத் திரும்ப விடாதீங்க. கிழமைக்கு ரெண்டு தரம் செய்யுங்க. லெவமிசோல் என்ற புழுக்கொல்லி சேர்ந்த மருந்து கடைசி வழி. அதுவும் புழு நல்லாக் குறைஞ்ச பிறகு. விடுறதுக்கு முன்னமே 50 லீற்றர் உப்புக் கலந்த தண்ணியும், நஞ்சை உறிஞ்சுற புதுக் கார்பனும் தயாரா இருக்கணும். புழு உதிரத் தொடங்கினா உடனே உறிஞ்சிக் கார்பனைப் போடுங்க.

எடுத்ததுக்குப் பதிலா கடல்தண்ணி அள்ளி ஊத்துறதா இருந்தா கவனம்: மாரி காலத்தில் முகத்துவாரப் பக்கம் அள்ளுற தண்ணியில் வாவித் தண்ணி கலந்து உப்பு இறங்கும். அளக்காம ஊத்தினா முதலில் நத்தைதான் சாகும்.

கேள்வி (கல்லடி)
நன்றி அண்ணன். வாலில் மூணு முனைதான். சோஆந்தஸ் பவளத்தில் ஒரு மூலை மட்டும் விரியாமக் கிடக்கு. அதில் முதுகெல்லாம் விரல் மாதிரித் துருத்தின ஒன்றும் ஒட்டியிருக்கு.

பதில் (காத்தான்குடி)
அதுதான் எடுக்க வேண்டியது. சோஆந்தஸ் தின்னுற நுடிபிராங்க், ஓடில்லாத கடல்நத்தை. தின்ன பவளத்தின் நிறமே உடம்பில் ஏறுறதால கண்ணில் படாது. பவளத்தை வாளித் தண்ணிக்குள்ள எடுத்து, சாமணத்தால ஒவ்வொன்றாப் பிடுங்குங்க. அடிப்பக்கம் வெள்ளைச் சுருள் மாதிரி முட்டை இருந்தா மெல்லிய பல்துலக்கியால சுரண்டுங்க. பவளத்தை மருந்துத் தண்ணியில் முக்கினாலும் முட்டைக்குள்ள ஏறாது, அதனால 5 நாளுக்கு ஒருக்கா, ஒரு மாதம்வரை திருப்பிப் பாருங்க.