பனியாறு கடலைத் தொடும் இடம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மண்டோர் மகன், ஊத்தான் மெலிந்தாங்:

எல்லாருக்கும் வணக்கம். நம் மலேசியத் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறீர்கள், அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன். ஃபியோர்டு என்கிறார்களே, இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் பள்ளத்தாக்கு, அதன் தலைமாட்டில் பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வரும் பனிக்கட்டி, வந்து கடலில் இறங்கும் இடத்தை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். டிவியில் பார்த்தது வேண்டாம்.

ஏன் கேட்கிறேன் என்றால், டெலுக் இந்தானில் சாயாக் கடையில் பனியாறுகள் ஏன் கரைகின்றன என்று பேச்சு வந்தபோது எல்லாரும் ஒரே வாயாக வெயில் ஏறுகிறது, மேலிருந்து உருகுகிறது என்றார்கள். கிரீன்லாந்து ஓரத்தில் பல பனியாறுகளைக் கடல் தண்ணீர் அடியிலிருந்து அரிக்கிறது என்று நான் எங்கோ படித்திருந்தேன். அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது, காரணம் நான் தோட்டத்தில் தண்ணீர்க் கதவு பார்த்தவன். நம் பக்கம் செம்பனைக்கும் தென்னைக்கும் நடுவே ஓடும் வாய்க்கால்கள் பெர்னாம் ஆற்றில் போய் விழும், விழும் இடத்தில் கதவு இருக்கும். கடல் பெருகும்போது மூட வேண்டும், வற்றும்போது திறந்து மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும். மழை இல்லாத மாதங்களில் கதவுக்கு வெளியே மேலாக ஒரு கை மொண்டு வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். போத்தலில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கி, தக்கையில் கட்டிய கயிற்றைச் சுண்டி நிரப்பி எடுத்தால் நாக்கு கரிக்கும். உப்புத் தண்ணீர் கனம், அது அடியோடு ஊர்ந்து உள்ளே வரும், மேலே பார்த்தால் ஆறு வெளியே போய்க்கொண்டே இருக்கும். கதவின் அடியில் ஒரு மட்டை சிக்கி, கதவு சரியாக உட்காராமல் போனால் போதும், விடிவதற்குள் வாய்க்கால் முழுக்கக் கரிப்பு ஏறிவிடும்.

அங்கேயும் இதேதான் நடக்கிறதா? அப்படியானால் அங்கே கதவு எது?

எஞ்சின் ரூம், லூமுட்:

அண்ணே, நான் அலாஸ்காவில் பயணிகள் கப்பலில் எஞ்சினில் இருந்தவன். கிளேசியர் பே என்ற ஃபியோர்டுக்குள் கப்பல் போகும், கடைசியில் மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் நிற்கும். டூட்டி முடிந்தால் நாங்களும் மேலே வந்து பார்ப்போம். நீலம் கலந்த சுவர், அதன் உயரத்தை மனக்கணக்காகப் போட முடியாது, அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று தோன்றாது, பறவை ஒன்று அதன் முன்னால் பறந்து புள்ளியாகும்போதுதான் புரியும். துண்டு உடைந்து விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வரும்.

ஆனால் எனக்கு அதிகம் மனதில் நிற்பது இன்னொரு சத்தம். தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தபோது, சுற்றி மிதந்த ஐஸ் துண்டுகள் எல்லாம் சடசடவென்று விடாமல் வெடித்துக்கொண்டிருந்தன. பனியாக விழுந்த காலத்தில் அகப்பட்ட காற்று, மேலே மேலே பனி சேரச் சேர இறுகிப்போய்க் குமிழிக்குள் அழுத்தமாக இருக்கிறது, ஐஸ் கரைந்ததும் அது வெளியே தெறிக்கிறது. பனியாறு இறங்கும் ஃபியோர்டுகளின் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டவர்கள், கடலிலேயே மிகவும் சத்தமான இடங்களில் இவையும் சேர்த்தி என்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பனிச்சுவரின் காலடியில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் சேற்று நிறத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தது, அதன்மேல் கடற்பறவைகள் கும்பல் கும்பலாக விழுந்து எழுந்தன. எங்களோடு வந்த பூங்கா அதிகாரி விளக்கினார். மேலே வெயிலில் உருகும் தண்ணீர் வெடிப்புகள் வழியாகப் பனியாற்றின் அடிக்கு இறங்கி, பாறையோடு ஓடி, கடலுக்கு அடியில் பனியின் பாதத்தில் போய்த் திறக்கிறது. அது நல்ல தண்ணீர், சுற்றி இருப்பது உப்புத் தண்ணீர், அதனால் லேசாகிப் பனிச்சுவரை ஒட்டியே பீறிட்டு மேலே ஏறும். ஏறும்போது சும்மா ஏறுவதில்லை, பக்கத்தில் இருக்கும் ஆழத்துக் கடல் தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு ஏறுகிறது. இப்படி மேலே தூக்கி வரப்படும் சின்ன உயிர்களுக்காகத்தான் பறவைகள். நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி அண்ணே, கீழே உள்ளே வருகிறது, மேலே வெளியே போகிறது. ஆனால் இங்கே மேலே போகும் தண்ணீரே கீழே இருப்பதை இழுக்கும் பம்பாகவும் வேலை செய்கிறது.

1794இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவரின் ஆட்கள் அளந்து போனபோது இந்த ஃபியோர்டே கிடையாது, வாசல்வரை பனி அடைத்துக் கிடந்ததாம். இப்போது கப்பல் உள்ளே 100 கிலோமீட்டர் போகிறது.

ரிட்டயர்ட் டீச்சர், சித்தியவான்:

நான் பனியாறு கடலில் விழுவதைப் பார்த்ததில்லை. நியூசிலாந்தில் மில்ஃபர்ட் சவுண்ட் பார்த்தேன், அது பனியாறு வெட்டிவிட்டுப் போன ஃபியோர்டு, பனி மட்டும் மலை உச்சிக்குப் போய்விட்டது. அங்கே தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்கும் கூடம் ஒன்று இருக்கிறது, படி இறங்கினால் சுற்றிலும் கண்ணாடி. நாங்கள் போன அன்று கொட்டு மழை. மேலே படகில் இருந்து பார்த்தபோது கடல் சாயா நிறத்தில் இருந்தது, காட்டு மண்ணின் சாறு இறங்கிய மழைத் தண்ணீர். கீழே போய்ப் பார்த்தால் தெளிவான கடல்! அந்தப் பழுப்பு மேலாடை வெளிச்சத்தை மறைப்பதால், மற்ற இடங்களில் ஆழத்தில் மட்டும் வளரும் கறுப்புப் பவளம் இங்கே குறைந்த ஆழத்திலேயே வளர்கிறது. இரண்டு தண்ணீரும் ஒன்றின்மேல் ஒன்று கலக்காமல் இருப்பதைப் பாடப் புத்தகத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தபோது மேனி சிலிர்த்துவிட்டது.

பெர்கனில் படிக்கும் பிள்ளை:

மாமா, டீச்சர், அண்ணா, எல்லாருக்கும் வணக்கம். கதவு எது என்று மாமா கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியும், என் படிப்பே அதுதான்.

முதலில் நான் பார்த்தது. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் கோங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டில் ஆய்வுக் கப்பலில் இருந்தேன். அதன் கரையில் நி-ஆலசுண்ட் என்ற குட்டி ஊர், அங்கே இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது, 2014இல் அவர்கள் ஃபியோர்டின் தண்ணீருக்குள் ஒரு கருவித் தொடரையும் கட்டி இறக்கினார்கள். எங்கள் வேலை, வெப்பம், உப்பு, ஆழம் அளக்கும் கருவியைக் கம்பியில் இறக்கி ஏற்றுவது. கருவியைச் சுற்றி மூடி திறந்த குழாய்கள் வட்டமாக நிற்கும், வேண்டிய ஆழத்தில் கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு பக்க மூடியும் பட்டென்று மூடிக்கொள்ளும் (மாமாவின் போத்தலும் கல்லும்தான், கொஞ்சம் விலை அதிகம்). பனிச்சுவர் பக்கம் இறக்கியபோது திரையில் கோடு வளைந்ததை மறக்க மாட்டேன். மேலே சில்லென்று, உப்புக் குறைவாக, கலங்கலாக. கீழே போகப் போக உப்பும் ஏறுகிறது, வெப்பமும் ஏறுகிறது. அந்த அடித் தண்ணீர் அட்லாண்டிக்கில் இருந்து வந்தது, தெற்கே வெயிலில் சூடேறி, வடக்கே வந்து, உப்பின் கனத்தால் துருவத்துக் குளிர் தண்ணீருக்கு அடியில் நுழைந்தது. நம் ஊர்க் கணக்கில் அது ஐஸ் தண்ணீர். ஆனால் ஆழத்தில் அழுத்தம் கூடுவதாலும் கடலின் உப்பினாலும் பனி சுழியத்துக்குக் கீழேயே உருகத் தயாராக இருக்கிறது, அதன்மேல் 3, 4 டிகிரி தண்ணீர் வந்து மோதினால் என்ன ஆகும் பாருங்கள்.

இப்போது கதவு. பனியாறு பழைய காலத்தில் முன்னேறி வந்தபோது பாறையைக் குடைந்து, குடைந்த மண்ணையும் கல்லையும் தள்ளிக்கொண்டு வந்து, நின்ற இடத்தில் மேடாகப் போட்டது. அதனால் பல ஃபியோர்டுகள் உள்ளே பயங்கர ஆழம், வாசலில் மேடு. நான் இருக்கும் நார்வேயில் சோக்னஃபியோர்டு உள்ளே 1,300 மீட்டர் ஆழம், வாசலில் அதில் ஒரு சிறு பங்குதான். சூடான தண்ணீர் அடியோடு வருவதால், அந்த மேடு எவ்வளவு உயரம் என்பதே உள்ளே எவ்வளவு சூடு போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. கோங்ஸ்ஃபியோர்டனின் வாசலில் பெரிய தடுப்பு இல்லை. அட்லாண்டிக் தண்ணீர் தாராளமாக உள்ளே வருகிறது, 2006 குளிர்காலத்தில் இருந்து முன்பு உறைந்த அளவுக்குக் கடல் உறைவதில்லை. அதே தீவுகளில் கொஞ்சம் தெற்கே வான் மியென் ஃபியோர்டன், அதன் வாயை அக்செலோயா என்ற நீளத் தீவு குறுக்கே படுத்து அடைத்திருக்கிறது. அங்கே தண்ணீர் குளிர்ந்தே இருக்கிறது, கடல் இன்றும் உறைகிறது. ஒரே வானம், ஒரே வெயில்.

கிரீன்லாந்தில் இதன் விளைவு பெரிது. மேற்குக் கரையில் இலுலிசாட் ஃபியோர்டின் வாசல் மேட்டின் உச்சி சுமார் 250 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, பெரிய பனிப்பாறைகள் அதில் தரை தட்டி நின்றுவிடும். 1997இல் அந்தக் கரைக்குச் சூடான தண்ணீர் வந்து, மேட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது. அதற்குப் பின் சில ஆண்டுகளில், அந்த ஃபியோர்டில் இறங்கும் யாக்கப்ஸ்ஹாவ்ன் பனியாற்றின் மிதக்கும் நாக்கு நொறுங்கிப் போய், பனியாற்றின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சூடு வந்த காலத்தைக் காட்டிக் கொடுத்தது எது தெரியுமா, மீன்வளக் கணக்கெடுப்புக்குப் போன கப்பல்கள் வலையோடு சேர்த்து எடுத்து வைத்திருந்த வெப்ப அளவுகள்! 2016ஐ ஒட்டிக் குளிர்ந்த தண்ணீர் திரும்ப வந்தபோது அதே பனியாறு வேகம் குறைந்து தடித்தது. கிழக்கே ஹெல்ஹைம் பனியாறு இறங்கும் செர்மிலிக் ஃபியோர்டில் தடுக்கும் மேடு இல்லை, அங்கே கடல் ஆய்வாளர் ஃபியம்மெட்டா ஸ்ட்ரானியோவின் குழு 2008இல் அளந்தபோது உள்ளே 4 டிகிரி வரை தண்ணீர் இருந்தது, காற்றின் போக்கு மாறினால் அது சீக்கிரமே புதிதாகவும் மாறிக்கொண்டிருந்தது. வடக்கே ரைடர் பனியாற்றின் ஃபியோர்டைச் சுவீடனின் ஓடென் என்ற பனியுடைக்கும் கப்பல் 2019இல்தான் அளந்தது. பனிக்கு முன்னால் ஒரு மேடு நிற்பது தெரிந்தது. பக்கத்துப் பனியாறான பீட்டர்மன் 2010லும் 2012லும் பெரும் துண்டுகளை இழந்தது, ரைடர் தாக்குப்பிடித்தது.

அண்ணா பார்த்த சேற்றுக் கொப்பளிப்பு இல்லாத இடத்திலும் பனி தண்ணீருக்கடியில் உருகுகிறது, அதுவும் கணக்கில் போட்டதைவிட மிக வேகமாக. அலாஸ்காவில் லக்கான்ட் பனியாற்றின் அடியை ஒலியால் படம் எடுத்தவர்கள் 2019இல் சொன்னது, சில இடங்களில் பழைய சூத்திரம் சொன்னதைவிட 100 மடங்கு வரை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் மட்டம் எவ்வளவு ஏறும் என்ற கணக்குகளில் அந்தப் பழைய சூத்திரம் எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மண்டோர் மகன்:

நல்லா இரும்மா. அப்போ வாசலில் மேடு இருந்தால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எஞ்சின் ரூம், லூமுட்:

அப்படிச் சொல்ல முடியாது அண்ணே. அலாஸ்காவில் கொலம்பியா பனியாறு என்று ஒன்று, வால்டெஸ் துறைமுகத்துக்குப் போகும் வழிப் பக்கம். பல காலம் தன் மேட்டின்மேலேயே கால் ஊன்றி நின்றது. 1980 வாக்கில் மேட்டை விட்டு ஓர் அடி பின்னால் வைத்தது, பின்னால் ஆழப் பள்ளம், அதோடு பிடி போச்சு. 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அது உடைத்துத் தள்ளிய பனிக்கட்டிகளுக்கு ஒதுங்கப் போய்த்தான் 1989இல் எக்சான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் பாதை விலகிப் பாறையில் ஏறியது.

பெர்கனில் படிக்கும் பிள்ளை:

ஆமாம் மாமா, மேடு தண்ணீரையும் தடுக்கிறது, பனிக்கு ஊன்றுகோலாகவும் நிற்கிறது, இரண்டில் எது போனாலும் கஷ்டம். நம் ஊருக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கிரீன்லாந்தின் பனி தன் எடையால் கடலைத் தன் பக்கம் ஈர்த்து வைத்திருக்கிறது. அது கரையும்போது ஈர்ப்பு குறையும், அந்தக் கரையோரத்தில் கடல் மட்டம் இறங்கும், நிலநடுக்கோட்டுப் பக்கம் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். முழுக்கக் கரைந்தால் உலகச் சராசரியே 7 மீட்டர், அது பல நூற்றாண்டுக் கதை. ஆனால் ஒரு முழம் ஏறினாலே கதவை வற்றுக்குத் திறந்து வைக்கும் நேரம் குறையும், அது மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மண்டோர் மகன்:

தெரியும். இப்போதே பெரும் பெருக்கு நாட்களில் மழையும் சேர்ந்துகொண்டால் வாய்க்கால் வடிய நேரம் போதவில்லை என்று இன்று கதவு பார்க்கும் பையன் சொல்கிறான். கேரித் தீவிலும் பாகான் டத்தோவிலும் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்கள் காலத்தில் கடலோர மண்கரையை எந்தெந்த வருஷம் உயர்த்தினார்கள், எவ்வளவு உயர்த்தினார்கள் என்று நினைவிருப்பதை எழுதுங்கள். பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டில் கணக்குப் புத்தகம் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.