பாவித்த எஸ்24 அல்ட்ரா: திரையையும் வேகத்தையும் கடையிலேயே மதிப்பிடுவது எப்படி?

கேள்வி: தலவாக்கலை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் நான், ஓய்வு நேரத்தில் காமன் கூத்தையும் திருவிழாக்களையும் காணொளியாகப் பதிவு செய்து வருகிறேன். படம்பிடித்ததைத் திறன்பேசியிலேயே தொகுக்கும் எண்ணத்தில், ஹட்டன் கடையொன்றில் பாவித்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2600 நிட் திரை ஒளிர்வு, நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் 120 ஹேர்ட்ஸ் திரை, ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சில்லு என்றெல்லாம் சொல்கிறார்கள். விடிய விடிய இருட்டில் நடக்கும் கூத்தைப் பதிவு செய்யும் எனக்கு இந்த எண்கள் எந்த அளவுக்குப் பயன்படும்? வாங்கும் முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி: கண்டி ஒளிப்படக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு, 2600 நிட் என்பது தானியங்கி ஒளிர்வு இயங்கும்போது, கடும் வெயிலில் மட்டும் எட்டப்படும் உச்ச அளவு. அறைக்குள் ஒளிர்வைக் கையால் முழுமையாகக் கூட்டினாலும் அந்த அளவு வராது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் வகைத் திரை இது; திரை முழுவதும் வெண்மையாக இருந்தால் அதன் ஒளிர்வு மேலும் குறையும். என்னைக் கேட்டால், இந்தத் திரையின் பெரிய பலம் அந்த எண்ணைவிட, பிரதிபலிப்பைக் குறைக்கும் கொரில்லா ஆர்மர் கண்ணாடியே. மேகம் மூடிய வெண்மையான வானம் கண்ணாடியில் விழும் நம் மலைப்பக்கத்தில், இந்த வேறுபாட்டைக் கடை வாசலில் நின்றே காணலாம்.

உங்கள் வேலைக்கு முக்கியமானவை நிறமும் நிழலும். அமைப்புகளில் "விவிட்", "நேச்சுரல்" என இரண்டு நிற முறைகள் இருக்கின்றன. விவிட் முறையில் நிறங்கள் செறிவாகத் தெரிவதால், அதைப் பார்த்துத் தொகுப்பவர் தம்மை அறியாமலே நிறத்தைக் குறைத்துவிடுகிறார். பிறர் பார்க்கும்போது காணொளி வெளிறிக் கிடக்கும். ஆகையால் தொகுக்கும் வேளையில் நேச்சுரல் முறையையே வையுங்கள். தெளிவுத்திறன் 3120×1440 வரை இருந்தாலும், தொடக்க அமைப்பு அதற்குக் குறைவாகவே இருக்கும் என்பதால் அதையும் மாற்றிப் பாருங்கள். பின்னர் நீங்கள் முன்பு பதிவு செய்த தீப்பந்தக் காட்சியொன்றை இருட்டான மூலையில், குறைந்த ஒளிர்வில் ஓட்டி, கறுப்பு உடையின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். ஓலெட் திரைகள் குறைந்த ஒளிர்வில் வேகமாக அணைந்து எரிவதால் சிலருக்குத் தலைவலி வரும். அத்தகைய கண் உங்களுக்கு இருந்தால், கடையில் சற்று நேரம் தொடர்ந்து வாசித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

மறுமொழி: பண்டாரவளை பழுதுபார்ப்பவர்

பாவித்த பொருள் என்பதால் முதலில் *#06# அழுத்தி ஐஎம்ஈஐ எனப்படும், ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள இலக்கத்தை எடுத்து, "ஐஎம்ஈஐ" என ஆங்கில எழுத்தில் இட்டு, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்பது தெரிந்துவிடும். அடுத்து *#0*# அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும். தனி நிறங்களைத் திரை முழுக்கக் காட்டி, கோடுகளோ பழைய எழுத்துகளின் நிழலோ படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சாம்பல் நிறப் படமொன்றையும் திரை நிறைய வைத்துப் பார்ப்பது நல்லது. தேய்ந்த இடம் அதில்தான் பிடிபடும்.

மறுமொழி: நுவரெலியா மென்பொருளாளர்

வேகத்தைப் பற்றி மேலே யாரும் எழுதாததால் சேர்க்கிறேன். வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் செயலி ஒருமுறை ஓடித் தரும் எண், சில்லு குளிர்ந்திருக்கும்போது எட்டிய வேகம் மட்டுமே. சூடேறிய பின் எவ்வளவு நிலைத்து நிற்கிறது என்பதைத் திரீடிமார்க் செயலியின் அழுத்தச் சோதனை காட்டும்; அது ஒரு நிமிட ஓட்டத்தை 20 முறை நடத்தி, மிகக் குறைந்த மதிப்பெண் உச்ச மதிப்பெண்ணில் எத்தனை சதவீதம் என்று சொல்லும். நம் ஊர்க் குளிரில் வெப்பம் எளிதில் வெளியேறுவதால், கொழும்பில் கிடைப்பதைவிட நல்ல முடிவு இங்கே கிடைக்கலாம். எனவே உறையைக் கழற்றாமல், குளிர்ந்த கண்ணாடி மேசையில் வைக்காமல் கையில் பிடித்தபடி சோதியுங்கள். அதைவிடவும் நான் நம்புவது, ஒரே 4கே காணொளியை அடுத்தடுத்து இருமுறை ஏற்றுமதி செய்து நேரத்தை ஒப்பிடுவதைத்தான்.

இன்னொன்று: பள்ளத்தாக்கிலுள்ள லயன்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னல் மெலிந்திருப்பதால் போன் கோபுரத்தை எட்ட அதிக சக்தியைச் செலவிட்டுச் சூடாகும், மின்கலமும் விரைவில் இறங்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூத்து நடக்கும் திடலில் சிக்னல் கிட்டத்தட்ட இல்லை. பதிவின்போது விமானப் பயண முறையில் வைத்தால் படப்பதிவு பாதிக்கப்படுமா?

நுவரெலியா மென்பொருளாளர்

பாதிக்கப்படாது, ஐயா. தாராளமாக வையுங்கள், இடத்தைக் காணொளியோடு சேமிக்க வேண்டுமானால் ஜிபிஎஸ்ஸை மட்டும் இயக்கி வையுங்கள்.