மெலிந்த நோயாளிகளுக்குக் கார்போபிளாட்டின் அளவு: எச்சரிக்கை அமைக்க உதவி தேவை

வணக்கம். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். மருத்துவர்களுக்கு மருந்தளவைக் கணக்கிட்டுத் தர நான்கு மாதங்களாக நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள், உடல் மெலிந்தவர்களுக்குக் கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் அளவை மிகையாகக் காட்டுகிறது, எச்சரிக்கையும் தருவதில்லை.

சென்ற வாரம் வந்த அம்மாவுக்கு வயது 48, எடை 45 கிலோ, இரத்தத்தில் கிரியாட்டினின் (தசையில் உருவாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 0.4, இலக்கு ஏயூசி (உடலில் மருந்து இருக்க வேண்டிய மொத்த அளவின் குறியீடு) 5. காக்ராஃப்ட்-கால்ட் வாய்பாட்டின்படி சிறுநீரக வடிதிறன் 122 என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மருந்தளவைத் தரும் கால்வெர்ட் வாய்பாட்டில் 735 மில்லிகிராம் என்று திரை காட்டியது. தசை வற்றிய உடலில் கிரியாட்டினின் குறைவாகத்தான் இருக்கும். சிறுநீரகம் அவ்வளவு நன்றாக இயங்குகிறது என்று அதற்குப் பொருளில்லை. வளையல் முழங்கை வரை ஏறியிருந்த அந்தக் கையைப் பார்த்த மருத்துவர்தான் மறுபடி கணக்கிடச் சொன்னார். கிரியாட்டினினை 0.7 என்று கொண்டால் ஏறத்தாழ 475 மில்லிகிராம்தான் வருகிறது. வடிதிறனுக்கு 125 என்ற உச்சவரம்பு மென்பொருளில் உண்டு. ஆனால் 122 அதற்குள் அடங்கிவிடுகிறது.

மென்பொருள் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியும், வாய்பாடு சரியே என்றுதான் பதில் வந்தது. ஆய்வக மதிப்பைக் கையால் 0.7 என மாற்றினால், உண்மையான முடிவு பதிவிலிருந்தே அழிந்துவிடுகிறது. கிரியாட்டினின் 1-க்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் எச்சரிக்கை வைத்துப் பார்த்தேன். நாள் முழுவதும் அது வந்துகொண்டே இருந்ததால் மருத்துவர்கள் படிக்காமலே மூடத் தொடங்கினார்கள், அது இன்னும் ஆபத்தானது.

ஆய்வக முடிவை மாற்றாமல், கணக்கீட்டுக்கு மட்டும் குறைந்தபட்சக் கிரியாட்டினின் அளவை நிர்ணயித்து, தேவையானவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை வரும்படி உங்கள் மருத்துவமனையில் எப்படி அமைத்திருக்கிறீர்கள்?